கீலா, குடைக்கம்பியா, கயிறா? உப்புக்காற்றுக் கரையில் மடக்கி வைக்கும் அலங்கார மரம்

கிறிஸ்துமஸுக்குப் பின் ஜனவரியில் வரும் மூன்று ராஜாக்கள் திருநாள் முடிந்ததும், ராமேஸ்வரம் தீவில் தங்கச்சிமடத்திலும் பாம்பனிலும் வீடுகளில் கிறிஸ்து பிறப்புக் குடிலைப் பிரிக்கத் தொடங்கிவிடுவார்கள். வைக்கோலை ஆட்டுக்குப் போட்டுவிடலாம், சுரூபங்களைப் பழைய வேட்டித் துணியில் சுற்றிப் பெட்டிக்குள் வைத்துவிடலாம். கிறிஸ்துமஸ் மரத்தை மட்டும் எங்கே வைப்பது என்று யாருக்கும் உடனே தெரிவதில்லை. இரண்டு அறைகளும் ஒரு திண்ணையும் உள்ள வீட்டில் ஐந்தடி மரத்துக்கென்று தனியிடம் கிடையாது. அது கட்டிலுக்கு அடியில் போகும், அல்லது பரணில் அண்டாவுக்கும் பழைய வலைமூட்டைக்கும் நடுவில் செருகப்படும். பதினொரு மாதம் கழித்து எடுத்துப் பார்க்கும்போது பாதி மரம்தான் மரமாக இருக்கும்.

எங்கள் தலைமுறையின் சிறுவயதில் இந்தச் சிக்கலே எழவில்லை. சவுக்குத் தோப்பிலிருந்து ஒரு கிளையை வெட்டி வந்து, மணல் நிரப்பிய வாளியில் நட்டு, சிகரெட் அட்டையின் வெள்ளித்தாளும் பஞ்சும் ஒட்டுவோம். பத்து நாளில் ஊசிகள் பழுத்துக் கொட்டும், அடுப்புக்குப் போய்விடும். இன்று தோப்புக்காரர்கள் கிளை வெட்ட விடுவதில்லை, அது நியாயமும்கூட. கடலோரத்தில் காற்றைத் தடுத்து மணலைப் பிடித்து நிறுத்துவது அந்தச் சவுக்குதான். ஆகவே செயற்கை மரம் என்பது முடிவாகிவிட்டது. எந்த வகையில் மடங்கும் மரத்தைச் செய்வது என்பதுதான் எங்கள் அன்பியத்துக் குடும்பங்களின், அதாவது பங்கில் ஒரு குழுவாகக் கூடும் அக்கம்பக்கத்து வீடுகளின், முன் இருந்த கேள்வி. கடந்த சில ஆண்டுகளில் ஐந்து வகைகளை நாங்கள் கையால் செய்தோ, வாங்கிப் பயன்படுத்தியோ பார்த்துவிட்டோம். அந்த ஒப்பீட்டைத்தான் இங்கே எழுதுகிறேன்.

ஒப்பிடுவதற்கு முன்னால் அளவுகோலைச் சொல்லிவிட வேண்டும். மடங்கும் பொருள் என்றவுடன் எல்லோரும் மடக்கியபின் அது எவ்வளவு சிறியதாகிறது என்றே பார்க்கிறார்கள். நானும் முதல் இரண்டு முறை அப்படித்தான் பார்த்தேன். ஆனால் அலங்கார மரம் விரிந்து நிற்பது ஆண்டில் மூன்று, நான்கு வாரங்கள். மடங்கிக் கிடப்பது நாற்பத்தெட்டு வாரங்கள். அந்த நாற்பத்தெட்டு வாரங்களில் சித்திரை வெயில் தகரத்தையும் ஓட்டையும் காய்ச்சுகிறது, கச்சான் என்னும் தென்மேற்குக் காற்று தென்கடலின் உப்பைக் கொண்டுவந்து வீட்டுக்குள் தூவுகிறது, ஐப்பசியில் மழையும் வாடையும் சேர்ந்து சுவரையே ஓதமாக்குகின்றன. மடங்கிய நிலையில் மரம் இவற்றைத் தாங்குமா என்பதுதான் இந்தக் கரையில் முதல் கேள்வி. எவ்வளவு சிறியதாக மடங்குகிறது என்பது இரண்டாவது. விரிக்க எவ்வளவு நேரமாகிறது என்பது மூன்றாவது. பழுதானால் வீட்டிலேயே சரிசெய்ய முடியுமா என்பது நான்காவது. பார்வைக்கு மரம்போல் இருக்கிறதா என்பதைக் கடைசியில் வைக்கிறேன். விளக்குச் சரத்தையும் நட்சத்திரத்தையும் போட்டபின் எந்த மரமும் ஓரளவு அழகாகிவிடும் என்பது என் அனுபவம்.

உப்பைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. காற்றில் வரும் உப்புத்துகள் இரும்பின் மேல் வெறுமனே படிந்திருந்தால் பெரிய கேடில்லை. காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 75 விழுக்காட்டைத் தாண்டியதும் அந்த உப்பு தானாகவே காற்றிலிருந்து நீரை உறிஞ்சிக் கரைகிறது. அப்போது மழையே இல்லாமல், தண்ணீரே தெளிக்காமல், கம்பியின் மேல் மெல்லிய உப்புநீர்ப் படலம் உண்டாகிறது. நம் ஊரில் பெரும்பாலான இரவுகளில் இது நடக்கிறது. பகலில் காய்வதும் இரவில் கசிவதுமாக மாறி மாறி நடப்பதால் இரும்பு அரிக்கிறது. இரண்டு வேறு உலோகங்கள் தொடும் இடத்தில் இது இன்னும் விரைவு: அலுமினியக் குழாயில் இரும்பு ஆணி அடித்திருந்தால், உப்புநீர் படிந்ததும் அந்த இடமே சிறு மின்கலமாகிவிடுகிறது, அலுமினியம் வெள்ளைப் பொடியாக உதிர்ந்து ஆணி ஆடத் தொடங்குகிறது. காரைக்குடியிலுள்ள மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம், உலோகங்களைக் கடற்காற்றில் நிறுத்தி அரிப்பைச் சோதிக்க மண்டபத்தைத் தேர்ந்தெடுத்தது என்றால், இந்தக் காற்று எப்படிப்பட்டது என்று யாரும் விளக்கத் தேவையில்லை. 1914-இல் திறக்கப்பட்ட பாம்பன் ரயில் பாலத்தில், கப்பலுக்கு வழிவிட மேலெழும் தூக்குப் பகுதியின் நிலையைக் கருதி 2022 டிசம்பரில் ரயில்களை நிறுத்தினார்கள். 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாலத்தில் 72.5 மீட்டர் நீளப் பகுதி செங்குத்தாக உயர்கிறது. அதற்கு அரிப்பைத் தாங்கும் தனிப் பூச்சும் கொடுத்திருக்கிறார்கள். அசையும் இணைப்பு எங்கே இருக்கிறதோ அங்கேதான் உப்புக்கு முதல் வேலை. பாலத்துக்குப் பொருந்தும் இந்த விதி ஐந்தடி மரத்துக்கும் அப்படியே பொருந்துகிறது.

கடையில் கிடைக்கும் மரத்திலிருந்து தொடங்குகிறேன். இரும்புக் குழாயால் ஆன தண்டு இரண்டு அல்லது மூன்று துண்டுகளாக வரும். ஒவ்வொரு துண்டிலும் வளையங்கள் பொருத்தி, அவற்றில் கிளைகளைக் கீல்போல் கோத்திருப்பார்கள். தண்டை நிமிர்த்தினால் கிளைகள் தாமாகக் கீழிறங்கி விரியும். தலைகீழாகப் பிடித்தால் தண்டோடு ஒட்டிக்கொள்ளும். பழைய வகையில் கிளைகள் தனித்தனியாக இருக்கும். நிறம் பார்த்து வரிசைப்படி கொக்கியில் மாட்ட வேண்டும். இலையாகத் தோன்றுவது பி.வி.சி. தாளைக் கீற்றுகளாக வெட்டி, இரண்டு கம்பிகளுக்கு நடுவில் வைத்து முறுக்கியதாகும். பாட்டில் கழுவும் பிரஷ்ஷைச் செய்வதும் இதே முறைதான். 1930-களில் அடிஸ் என்ற பிரஷ் நிறுவனம் தன் பிரஷ் இயந்திரத்திலேயே இப்படிப்பட்ட மரங்களைச் செய்தது. அதற்கு முன் பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஜெர்மனியில் வாத்து இறகுக்குப் பச்சைச் சாயம் ஏற்றிக் கம்பியில் சுற்றிச் செய்திருக்கிறார்கள். குளிர்நாட்டில் உலர்ந்த பரணில் வைப்பதற்கென்று பிறந்த அமைப்பு இது.

இதன் நிறைகளை மறைக்க மாட்டேன். மரம்போலவே இருப்பது இது ஒன்றுதான். பி.வி.சி.யில் குளோரின் இருப்பதால் பாலித்தீனைப் போலப் பற்றிக்கொண்டு எரியாது. பெட்டிக்குள் அடக்கினால் ஏறத்தாழ ஒரு மீட்டர் நீளம், ஒரு சாண் அகலம். ஆனால் முறுக்குக் கம்பியின் நுனி வெட்டப்பட்ட இடத்தில் பூச்சு எதுவும் இல்லை. ஒவ்வொரு கிளையிலும் பத்துப் பன்னிரண்டு நுனிகள். இரண்டாவது டிசம்பரில் அந்த நுனிகளில் செந்துரு பூத்திருந்தது. மூன்றாவதில் கிளையை நிமிர்த்தும்போது நுனிகள் கையோடு ஒடிந்து வந்தன. வெளியிலிருந்து பார்த்தால் தெரியாத இன்னொரு கேடு அதன் அட்டைப்பெட்டியில் இருக்கிறது. அட்டை ஓதத்தை உறிஞ்சி வைத்துக்கொண்டு, உள்ளிருக்கும் மரத்துக்கு நாள்தோறும் கொடுத்துக்கொண்டே இருக்கும். இந்த மரத்தை ஏற்கெனவே வாங்கிவிட்டவர்கள் அந்தப் பெட்டியை முதலில் தூக்கிப் போட்டுவிட்டு, நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் கிளைகளைத் துடைத்து, ஒரு நாள் நிழலில் உலர்த்தி, தார்ப்பாய்ப் பையில் கட்டி வைக்க வேண்டும். குடத்துக் கணக்கில் தண்ணீர் வாங்கும் தெருக்களில் மரத்தைக் கழுவச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை, ஈரத்துணியே போதும். தகரக் கூரைக்கு நேர் கீழே வைத்தால் கோடைச் சூட்டில் பி.வி.சி. இளகி, நசுங்கிய வடிவத்திலேயே படிந்துவிடும் என்பதையும் கவனிக்க வேண்டும்.

அடுத்தது குடை. மடங்குதல் என்றதும் மனத்தில் தோன்றும் முதல் படம் குடைதான். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. கடைவாசலில் விரிக்கும் பெரிய குடை ஒன்று துணி கிழிந்து ஒதுக்கப்பட்டிருந்ததை வாங்கி வந்து, நானும் என் மைத்துனரும் ஒரு வாரம் வேலை செய்தோம். நடுக்குழாயில் மேலும் கீழும் நகரும் வளையம், அதிலிருந்து எட்டுத் தாங்குகம்பிகள், அவை தள்ளி விரிக்கும் எட்டு விலாக்கம்பிகள். இதே அமைப்பை அளவு குறைத்து மேலே இன்னும் இரண்டு அடுக்குகளாகச் சேர்த்தோம். வளையங்களை ஒரே கயிற்றால் இணைத்ததால், அந்தக் கயிற்றை இழுத்தால் மூன்று அடுக்கும் ஒருசேர விரியும். முதல் டிசம்பரில் பிள்ளைகள் மாறி மாறி இழுத்து விரித்து மகிழ்ந்தார்கள். விரிக்கும் வேகத்தில் இதற்கு ஈடு எதுவும் இல்லை. மடக்கினால் ஒரு வலைக்கோல் கட்டின் பருமன்தான். அதைப் பார்த்தபோது, இனி வேறு வகையைத் தேட வேண்டியதில்லை என்றே நினைத்தேன்.

அடுத்த டிசம்பரில் பையிலிருந்து எடுத்தபோது, கீழ் வளையம் குழாயோடு ஒட்டிக்கொண்டிருந்தது. தேங்காயெண்ணெய் விட்டு, சுத்தியலின் மரப்பிடியால் மெல்லத் தட்டியதும் அசைந்தது. அசைந்த இடத்திலிருந்து தரையில் மிளகாய்த்தூள் கொட்டியதுபோல் துரு விழுந்தது. விரித்த மூன்றாம் நாள் ஒரு விலாக்கம்பியின் மூட்டைப் பிடித்திருந்த தறை (ரிவெட்) அறுந்து, கிளை முறிந்ததுபோல் ஒரு பக்கம் தொங்கியது. எண்ணிப் பார்த்தேன்: ஓர் அடுக்குக்கு எட்டு விலா, ஒவ்வொன்றுக்கும் குறைந்தது மூன்று மூட்டு; ஆக இருபத்து நான்கு. மூன்று அடுக்குக்கு எழுபத்திரண்டு மூட்டுகள். ஒவ்வொரு மூட்டிலும் ஒரு இரும்புத் தறை. அதன் துளைக்குள் எந்தப் பூச்சும் போகாது, போன உப்பும் வெளியே வராது. விலாக்கம்பியை ஃபைபரில் போட்டாலும் தறை இரும்பாகவே இருக்கிறது. 316 தரத் துருப்பிடிக்கா எஃகில் தறைகளைக் கடைந்து போட்டால் பல ஆண்டு தாங்கும் என்பதில் ஐயமில்லை. மாலிப்டினம் கலந்த அந்த எஃகு கடற்காற்றை 304 தரத்தைவிட நன்றாகத் தாங்கும். ஆனால் எழுபத்திரண்டு தறைகளை அப்படிச் செய்யும் செலவை ஒரு வீட்டு மரத்துக்கு யார் செய்வார்கள்? கொலுவுக்கு மடக்கு இரும்புப் படி வாங்கிய ராமேஸ்வரத்து நண்பர் ஒருவர் வீட்டிலும் இதே கதைதான். படியின் தகடு நன்றாக இருக்க, கீல்கள் மட்டும் போயிருந்தன.

சுருள் மரத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. மேலிருந்து கீழாக அகலும் ஒரு வில்கம்பிச் சுருள், அதன் மேல் ஜிகினா இழை தைத்த துணி, நடுவில் செருகும் கோல். கோலின் உச்சியில் மாட்டினால் மரம், கழற்றினால் ஒரு தட்டு அளவுக்கு அமுங்கிவிடும். ஒரு நிமிட வேலை. ஆனால் வில்கம்பி துருப்பிடித்தால் சுருளின் இழுவிசை சீராக இருப்பதில்லை, மரம் ஒரு பக்கமாகச் சாய்கிறது. கனமான மணி எதையும் அதில் தொங்கவிட முடியாது. வாடகை வீட்டில் இருந்து ஓரிரு ஆண்டுகளில் இடம் மாறுபவர்களுக்கு இது போதும்.

பலகை மரம் உண்மையிலேயே கவனத்துக்குரியது. மர வடிவில் வெட்டிய இரண்டு பலகைகள். ஒன்றில் உச்சியிலிருந்து நடுவரை ஒரு வெட்டு, மற்றொன்றில் அடியிலிருந்து நடுவரை ஒரு வெட்டு. ஒன்றை மற்றொன்றில் இறக்கினால் சிலுவை வடிவில் கோத்துக்கொண்டு தானாக நிற்கும். ஆணி இல்லை, கீல் இல்லை. சாதாரண பிளைவுட் நம் ஊர் ஓதத்தில் அடுக்கடுக்காகப் பிரிந்துவிடும் என்பதால், சமையலறை அலமாரிகளுக்குப் போடும் பி.வி.சி. ஃபோம் பலகையை, 12 மி.மீ. கனத்தில் எடுத்தோம். எட்டுக்கு நான்கு அடிப் பலகையில், 150 செ.மீ. உயரமும் 75 செ.மீ. அடியகலமும் உள்ள இரண்டு முக்கோணங்களைத் தலைமாற்றி வைத்து வெட்டினால், ஒரு ஓரத்தில் மூன்றடிக்கும் மேல் பலகை மிஞ்சும். அதிலேயே நட்சத்திரத்தையும் குடிலின் பின்சுவரையும் வெட்டிக்கொள்ளலாம். வெட்டின் அகலம் சரியாக 12 மி.மீ. இருந்தால் கோக்கும்போது இறுகி ஓரம் பிய்யும், 13 மி.மீ. கொடுத்தால் சுலபமாக இறங்குகிறது, ஆடுவதும் இல்லை. வெயில் படும் சன்னலோரம் வைத்தால் வெள்ளைப் பலகை பழுப்பேறும். அதற்கு மேல் இதன் மீது உப்புக்குக் கோபமில்லை. இரண்டும் சேர்ந்து ஏழு கிலோவுக்குச் சற்று மேல். பீரோவுக்குப் பின்னால் இரண்டு விரற்கடை இடைவெளி இருந்தால் போதும், பதினொரு மாதமும் அங்கேயே நின்றுகொள்ளும்.

குறை என்னவென்றால், அது மரத்தின் நிழலைப் போன்றதே தவிர மரமாகத் தெரியாது. இரண்டு தட்டைப் பரப்புகளின் ஓரத்தில்தான் எதையும் தொங்கவிட முடியும். பள்ளி வகுப்பறைக்கும், கோயில் முகப்புக்கும், காற்றடிக்கும் திண்ணைக்கும் இதையே பரிந்துரைக்கிறேன். பிள்ளைகள் இடித்தாலும் விழாது, ஒவ்வோர் ஆண்டும் புதிதாக வண்ணம் பூசலாம். வீட்டுக்குள் நடுக்கூடத்தில் வைக்க மட்டும் மனம் முழுதாக ஒப்பவில்லை.

குடை மரம் முறிந்து நின்ற அந்த டிசம்பரில், வடகடலில் நாட்டுப்படகு வைத்திருக்கும் பெரியவர் ஒருவர் வீட்டுக்கு வந்திருந்தார். நான் தறைகளைக் கழற்றிக்கொண்டிருந்ததைச் சற்று நேரம் பார்த்துவிட்டு, "கம்பியவே ஏன் தம்பி தேடுறீங்க? இத்தனை பாகம் வலை, எந்தக் கீலை வச்சு மடங்குது?" என்று கேட்டார். அந்தக் கேள்விதான் ஐந்தாவது வகைக்கு வழிகாட்டியது. வலையின் தலைக்கயிற்றை மிதப்புகள் தூக்கிப் பிடிக்கின்றன, அடிக்கயிற்றை ஈயம் கீழே இழுக்கிறது. இரண்டுக்கும் நடுவில் வலை நிற்கிறது. தூக்குவதை விட்டுவிட்டால் வலை குவிந்துவிடுகிறது. அதன் மூட்டு ஒவ்வொன்றும் ஒரு முடிச்சு. அந்த முடிச்சில் துருப்பிடிக்க எதுவும் இல்லை.

வளைய மரம் அப்படியே இந்த ஏற்பாடுதான். ஏழு வளையங்கள், மிகப் பெரியது 75 செ.மீ. குறுக்களவு, அதன்பின் ஒவ்வொன்றும் 10 செ.மீ. குறைந்து, உச்சியில் 15 செ.மீ. நான்கு நைலான் கயிறுகள் உச்சியில் ஒன்றாகக் கூடிக் கீழே விரிந்து, 20 செ.மீ.க்கு ஒன்றாக வளையங்களைத் தாங்குகின்றன. மேலே மாட்டினால் நாலரை அடிக் கூம்பு. கீழே இறக்கினால் சிறிய வளையம் பெரிய வளையத்துக்குள் விழுந்து, கடைசியில் தரையில் ஒரு கோலம்போல் படிந்துவிடும். வளையத்துக்கு நாங்கள் எடுத்தது சொட்டுநீர்ப் பாசனத்துக்குப் போடும் 16 மி.மீ. கறுப்புக் குழாய். ராமநாதபுரத்தில் மிளகாய்க் கொல்லைக்காரர்களுக்கு விற்கும் கடைகளில் சுருளாகக் கிடைக்கும். கரித்தூள் கலந்த பாலித்தீன் என்பதால் வெயிலும் அதை எளிதில் கெடுப்பதில்லை. ஏழு வளையத்துக்கும் சேர்த்து ஏறத்தாழ 10 மீட்டர் போதும். வளையத்தின் இரு முனைகளையும் அதே கடையில் கிடைக்கும் பிளாஸ்டிக் ஜாயினரால் இணைக்கலாம். கொதிநீரில் முனையை ஒரு நிமிடம் நனைத்தால் ஜாயினர் சுலபமாக ஏறும்.

செய்யும்போது கற்றுக்கொண்டவற்றைச் சொல்லிவிடுகிறேன். சிறிய இரண்டு வளையங்களை 16 மி.மீ. குழாயில் வளைத்தால் நடுவில் நெளிந்து மடிந்துவிடுகிறது. அவற்றுக்கு 12 மி.மீ. குழாயை, வெந்நீரில் இளக்கி, ஒரு தூக்குவாளியைச் சுற்றி வளைத்து ஆறவிட வேண்டும். அடிவளையம் இலேசாக இருந்தால் கயிறுகள் தொய்ந்து மரம் கோணலாகத் தெரியும். வலைக்கு ஈயம் போடுவதுபோல் இதற்கும் அடியில் கனம் வேண்டும். அடிவளையத்தின் முனைகளைச் சேர்ப்பதற்கு முன் புனல் வைத்து உலர்ந்த மணலை நிரப்பினோம். ஏறத்தாழ அரைக் கிலோ பிடித்தது. அவ்வளவில் நான்கு கயிறும் விறைத்து நின்றுவிட்டன. முடிச்சைப் பொறுத்தவரை, படகை முளையில் கட்டுவதுபோல் இரண்டு சுற்றுச் சுற்றி ஒன்றன் மேல் ஒன்று குறுக்கே ஏற்றி இறுக்குவது நல்லது. ஆனால் பாலித்தீன் வழுக்கும் என்பதால், முடிச்சு விழும் இடத்தில் முதலில் சைக்கிள் டியூப்பின் சிறு துண்டைச் சுற்றிவிட வேண்டும். துளை போட்டுக் கோக்கலாமே என்று சிலர் கேட்டார்கள். மணல் நிரப்பிய வளையத்தில் துளை போட முடியாது, மற்றவற்றிலும் துளையில்தான் குழாய் முதலில் வெடிக்கிறது.

இந்த மரத்துக்கு ஒரு கொக்கி வேண்டும். கான்கிரீட் கூரையானால் மின்விசிறிக் கொக்கி இருக்கும், ஆனால் மின்விசிறியைக் கழற்ற வேண்டும். ஓட்டுவீட்டில் உத்திரத்தில் கயிறு போடலாம். இரண்டும் இயலாத வீடுகளுக்காக, 40, 32, 25 மி.மீ. பி.வி.சி. குழாய்களை ஒன்றுக்குள் ஒன்று நுழையும்படி வெட்டி ஒரு நடுக்கோல் செய்தோம். இழுத்து நீட்டித் துளையில் மரக்குச்சியைச் செருகினால் நிற்கும், அடியை மணல் வாளியில் ஊன்ற வேண்டும். அந்தக் கோலையும் சேர்த்துப் பார்த்தால் வளைய மரத்தின் எளிமை கொஞ்சம் குறைகிறது என்பதை ஒப்புக்கொள்கிறேன். வாடைக் காற்று நேராக நுழையும் வீட்டில் மரம் ஆடும். அடிவளையத்திலிருந்து ஒரு தங்கூசி நரம்பை (தூண்டிலுக்குப் போடும் மெல்லிய நைலான் இழையை) குடிலின் மரச்சட்டத்தில் கட்டினால் நின்றுவிடும், நரம்பு கண்ணுக்கும் தெரியாது. எதிர்பாராத ஒரு நன்மையும் கிடைத்தது. மரம் தரையிலிருந்து ஓரடி உயரத்தில் தொங்குவதால் குடிலை அதன் அடியிலேயே வைக்க முடிந்தது. சிறிய கூடத்தில் இரண்டுக்கும் சேர்த்து ஓர் இடம் போதும் என்பது, மடங்கும் அளவைவிடப் பெரிய இலாபம் என்று பல வீடுகளில் பெண்கள் சொன்னார்கள்.

இலைக்கு மூன்று பொருள்களைப் பார்த்தோம். கடை ஜிகினா மாலையைச் சுற்றுவது எளிது. ஆனால் அதிலும் நடுவில் கம்பி இருக்கும், கம்பியில்லாமல் நூலில் தைத்ததைக் கேட்டு வாங்க வேண்டும். பனையோலை மிக அழகாக அமைந்தது. குருத்தோலையைக் கீற்றுகளாகக் கிழித்துப் பச்சைச் சாயத்தில் தோய்த்து வளையங்களில் பின்னியபோது, மரம் இந்த மண்ணுக்கே உரியதாகத் தோன்றியது. கொட்டானும் விசிறியும் முடையும் கைகளுக்கு ஒரு மரத்தின் ஓலை வேலை இரண்டு நாளுக்கு மேல் பிடிக்காது. ஆனால் உலர்ந்த ஓலை மடிப்பில் ஒடியும், மழைக்காலத்தில் பூஞ்சை பிடிக்கும். ஆண்டுதோறும் ஓலையை மட்டும் புதிதாக மாற்றத் தயாராக இருப்பவர்களுக்குத்தான் அது பொருந்தும். மூன்றாவது, கிழிந்து ஒதுக்கிய பச்சை வலை. ஒரு சாண் அகலப் பட்டைகளாக வெட்டி, ஒரு ஓரத்தைக் கண்ணி பிரித்து இழையாக்கி, மறு ஓரத்தை வளையத்தில் கட்டினால், சவுக்கு ஊசிபோலவே தொங்குகிறது. உப்பிலேயே வாழ்ந்த பொருள் அது, பதினொரு மாதப் பரண் அதை ஒன்றும் செய்யாது. கடற்கரையில் கிடக்கும் வலையைப் பொறுக்கினால், நல்ல தண்ணீரில் ஊறவைத்து வாடையைப் போக்கிவிட்டுத்தான் வீட்டுக்குள் கொண்டுவர வேண்டும். ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன்: ஓலையும் வலையும் பி.வி.சி.யைப் போலத் தீயைத் தாங்குபவை அல்ல. மெழுகுவர்த்தியை அருகில் வைக்கவே கூடாது, சூடேறாத எல்.இ.டி. சரத்தைத்தான் போட வேண்டும், இரவில் உறங்கப் போகும்முன் அதையும் அணைத்துவிட வேண்டும்.

எங்கள் அன்பியத்தில் எடுத்த முடிவு இது: வீடுகளுக்கு வலையிழை கட்டிய வளைய மரம், கோயில் முகப்புக்கும் பள்ளிக்கும் பலகை மரம். மதுரையிலோ பரமக்குடியிலோ இருப்பவர் கேட்டால், கடை மரத்தையே வாங்கிக்கொள்ளுங்கள் என்று தயங்காமல் சொல்வேன்; அங்கே அந்தக் கம்பிக்கு இத்தனை சோதனை இல்லை. தேவிபட்டினத்திலிருந்து ஏர்வாடி, மூக்கையூர் வரை கடல்காற்று வீட்டுக்குள் நுழையும் ஊர்களில் மட்டும், இரும்பு மூட்டுள்ள எந்த மரத்தையும் நான் பரிந்துரைக்க மாட்டேன். குடை மரத்தின் கயிற்றை இழுத்து விரிக்கும் மகிழ்ச்சியை வளைய மரம் தராதே என்று பிள்ளைகள் வருந்தினார்கள். அதற்காக உச்சிக் கயிற்றைக் கொக்கியில் நேராகக் கட்டாமல், ஒரு சிறிய பிளாஸ்டிக் கப்பி வழியாக விட்டோம். இப்போது தரையில் தட்டையாகக் கிடக்கும் மரத்தைப் பிள்ளைகளே இழுத்து எழுப்புகிறார்கள். வளையம் வளையமாக அது எழும்பும் அந்த அரை நிமிடத்துக்குத் தெருப்பிள்ளைகள் எல்லோரும் வந்துவிடுகிறார்கள்.

பிரித்து வைக்கும்போது இருவர் இருந்தால் நல்லது. விளக்குச் சரத்தை முதலில் கழற்ற வேண்டும். அதன் செம்புக் கம்பி முனைகளில் பச்சைக் களிம்பு ஏறும் என்பதால், பிளக்கின் கால்களைத் துடைத்து இறுக்கமான டப்பாவில் தனியாக வைக்க வேண்டும். ஒருவர் கயிற்றை மெல்ல விட, மற்றவர் ஒவ்வொரு வளையமும் இறங்கும்போது நான்கு கயிறுகளையும் உள்பக்கமாகத் தள்ளிவிட வேண்டும்; வெளியே விழும் கயிறுதான் அடுத்த ஆண்டு சிக்காகிறது. முழுதும் படிந்ததும் நான்கு இடங்களில் பழைய புடவைக் கிழிசலால் எல்லா வளையங்களையும் சேர்த்துக் கட்ட வேண்டும். அப்போது அது 75 செ.மீ. அகலமும் ஏறத்தாழ 10 செ.மீ. கனமும் உள்ள வட்டம். அந்த அளவுக்கு ஒரு துணிப்பை தைத்து உள்ளே போட்டு, உச்சிக் கயிற்றின் கண்ணியை மட்டும் வெளியே விட்டு வாயைச் சுருக்குங்கள். எலி ஏறும் பரணில் வைக்க வேண்டாம். கதவுக்குப் பின்னால் சுவரில் ஒரு மரமுளை அடித்து, அந்தக் கண்ணியாலேயே தொங்கவிடலாம்.